தோல் பதனிடுவோன் வீடு

தமிழிலக்கணம் கற்கப் புகுவோர் பொருட்பகுதியில் முதற்கண் அறியும் பாகுபாடு அகம், புறம் என்னும் இரண்டேயாம். இவ்விரண்டும் தம்முள் மாறுபட்டன என்று கருதுவோர் பலர். ஆயினும் தொல்காப்பியனார் புறத்திணையியலில் வெட்சியைக் குறிஞ்சிக்கும், வஞ்சியை முல்லைக்கும், உழிஞையை மருதத்துக்கும், தும்பையை நெய்தலுக்கும், வாகையைப் பாலைக்கும் புறமாக நிறுத்தியுள்ளார். இதனால் போதரும் உண்மை யாதெனில், புறம் என்பது அகத்துக்குப் பகையன்று; ஒவ்வோர் அகத்துக்கும் உரியதொரு புறம் உண்டு என்பதே. உள்ளங்கைக்குப் புறங்கை எத்தகையதோ அத்தகையதே அகத்துக்குப் புறம். உள்ளங்கையில்லாத புறங்கையை எவரும் கண்டதில்லை.

இவ்விலக்கண உண்மையைச் சமயவாழ்வுக்குப் பொருத்திப் பார்த்தல் நலம் என எண்ணினோம். கிறிஸ்து மார்க்கத்திலும் அகமும் புறமும் உண்டு. மனந்திரும்புதல், விசுவாசம், அன்பு, தாழ்மை என்பன அகம். ஞானஸ்நானம், திருவிருந்து, ஓய்வுநாள் ஆராதனை, லெந்துகாலத்து உபவாசம், குடும்ப ஜெபம், காணிக்கை என்பன புறம். இவற்றைப் பற்றி நம்மிடையே இருவகைப் பிழை வழங்குகின்றது. புறவாசாரங்களைக் குறைவின்றிக் கைக்கொண்டால் போதும், வேறு எதுவும் வேண்டா என்பார் ஒருசாரார். உள்ளம் தூயதாயின் கோயிலும் வேண்டா, ஜெபமும் வேண்டா, சபையும் வேண்டா என்பார் மற்றொரு சாரார். முன்னவர் புறங்கையை மட்டும் காட்டுகின்றனர். பின்னவர் புறங்கையற்ற உள்ளங்கை தம்மிடம் உண்டென்கின்றனர். இவ்விரு கூற்றையும் வேதாகமத்தைக்கொண்டும், எம் ஊராகிய ஆலங்காயத்தைச் சூழ்ந்த நாட்டில் நெடுங்காலமாய் நடந்துவரும் ஒரு கைத்தொழிலைக்கொண்டும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேதம் கூறுவது

பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகள் ஆசாரத்தின்மேல் பொழிந்த கடுமொழிகளை நாம் நன்கறிவோம். ஏசாயா தம் நூலின் முதலதிகாரத்திலேயே பலிகளையும் மாதப்பிறப்புகளையும் பண்டிகைகளையும் ஆண்டவர் வெறுக்கின்றார் என முழங்கினார். அக்கைகளில் இரத்தம் நிறைந்திருந்ததே அதற்குக் காரணம். ஆமோஸ், பண்டிகைப் பாட்டுகளின் ஓசையை நிறுத்திவிட்டு நீதியைப் பெருகச் செய்யுமாறு கேட்டார். யோவேல், கிழிக்கவேண்டுவது ஆடையையன்று, உள்ளத்தையே என்று கூறினார். இவர்கள் ஆலயத்தை இடிக்குமாறு கூறினரல்லர். ஏழையை ஒடுக்கிய கையோடு ஆலயத்துக்கு வருதலையே கடிந்தனர்.

நம் ஆண்டவரும் இவ்வாறே போதித்தார். அவர் ஓய்வுநாளில் ஜெபஆலயத்துக்குச் செல்லும் வழக்கமுடையவர் என்று லூக்கா 4-ஆம் அதிகாரத்தில் காண்கின்றோம். குஷ்டரோகியைக் குணமாக்கியபின் ஆசாரியனிடம் சென்று காட்டி, மோசே கட்டளையிட்ட காணிக்கையைச் செலுத்துமாறும் அனுப்பினார். ஆகவே அவர் ஆசாரத்தைப் புறக்கணித்தவரல்லர். எனினும் மத்தேயு 23-ஆம் அதிகாரத்தில் பரிசேயரை நோக்கி, வெளிப்புறம் துலக்கி உட்புறம் அழுக்கான பாத்திரத்தையும், வெள்ளையடித்த கல்லறையையும் உவமையாகக் காட்டினார். ஒற்தலாமுக்கும் சீரகத்துக்கும் பத்திலொன்று கணக்கிட்டோர் நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டனர் என்பதே அவருடைய குற்றச்சாட்டு. அவ்விடத்தில் அவர் பத்திலொன்று செலுத்தவேண்டா எனக் கூறாமல், இதையும் செய்யவேண்டும், அதையும் விடலாகாது என்னும் கருத்தையே உரைத்தார் என்பது கருதத்தக்கது.

நம் தமிழ்மறையாசிரியரும் கூடாவொழுக்கம் என ஓர் அதிகாரம் வகுத்து, புலித்தோல் போர்த்துக்கொண்டு பயிரை மேயும் பசுவை உவமை காட்டியுள்ளார். தோல் மாறியது, உள்ளிருக்கும் உயிர் மாறவில்லை. இவ்வுவமை எம் பகுதியினர்க்கு எளிதில் விளங்கும். தோலைப் பற்றி அறியாதவர் இங்கு அரியர்.

பச்சைத்தோல் பதமாதல்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் முதலிய பாலாற்றங்கரை ஊர்கள் தோல் பதனிடுதலுக்குப் பேர்போனவை. ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் அணித்தாயுள்ள ஆலங்காயத்தைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்து ஆணும் பெண்ணும் தோல் சாலைகளுக்கும் காலணித் தொழிற்சாலைகளுக்கும் நாடோறும் வேலைக்குச் செல்கின்றனர். அத்தொழிலின் பழைய முறையை ஈண்டுச் சுருக்கிக் கூறுதும்.

உப்பிட்டு வந்த பச்சைத்தோலை முதலில் நீரில் ஊறவைப்பர். உப்பும் இரத்தமும் அழுக்கும் நீங்கி அது மீண்டும் மென்மையுறும். அடுத்துச் சுண்ணாம்புக் குழியில் இடுவர். மயிர்க்கால்கள் தளர்ந்தபின் மயிரைக் களைந்து, உட்புறத்தில் ஒட்டிய சதையைக் கத்தியால் சீவுவர். பின்னர்த் தோலிற் புகுந்த சுண்ணாம்பைப் போக்குவர். இவ்வளவும் ஆயத்தமேயன்றிப் பதனிடுதல் அன்று. இந்நிலையில் தோல் வெண்மையாயும் தூய்மையாயும் காணப்படினும், அது பச்சைத்தோலே. வெயிலில் காய்ந்தால் பலகைபோல் விறைக்கும், ஈரத்தில் கிடந்தால் அழுகும். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறி, அதன் துவர்ப்பு நாரோடு நாராய்க் கலந்தபின்னரே அது பதமான தோலாகும். இறுதியில் கடுக்காய் நீரில் இட்டு நிறத்தைத் தெளிவித்து, எண்ணெய் தடவி உலர்த்துவர்.

இத்தொழிலில் இரண்டு செய்திகள் சமயநெறிக்கு மிகவும் பொருந்துவன. முதலாவது, தோலைத் தொடக்கத்திலேயே கடுஞ்சாற்றில் இடலாகாது. அவ்வாறு இடின் மேற்பரப்பு மட்டும் விரைந்து துவர்ப்பேற்று இறுகிவிடும். இறுகிய மேற்பரப்பே உள்ளே சாறு செல்லாதபடி தடையாய் நின்றுவிடும். ஆதலால் இளஞ்சாற்றில் தொடங்கி, நாள் செல்லச் செல்லச் சாற்றின் வலுவைக் கூட்டுவர். இரண்டாவது, தோல் பதமாயிற்றா என அறிதற்கு அதன் மேற்புற நிறத்தைப் பார்த்தல் போதாது. ஓரத்தில் சிறிது வெட்டி, வெட்டுவாயை நோக்கவேண்டும். இருபுறமும் நிறமேறி நடுவில் மட்டும் வெளிறிய கோடு தென்படின், சாறு இன்னும் உள்ளே எட்டவில்லை என்பது தெளிவு. அத்தோலை எவ்வளவு மினுக்கினும் என்றேனும் அந்நடுக்கோட்டிலிருந்தே கேடு தொடங்கும்.

புறவாசாரம் மிகுந்து அகமாற்றம் குன்றிய சமயவாழ்வு கடுஞ்சாற்றில் இட்ட தோல் போன்றது. ஆசாரத்தால் இறுகிய மேற்பரப்பே ஆண்டவருடைய வசனம் உட்புகாதபடி காவல் நிற்கின்றது. பரிசேயரிடம் வேதவசனம் இல்லாமலில்லை. நெற்றியிலும் கையிலும் அதைக் கட்டியிருந்தனர். அது நெஞ்சுக்குச் செல்லும் வழியையே அவர்கள் அடைத்துக்கொண்டனர்.

யோப்பாவில் ஒரு வீடு

இனி, வேதாகமத்தில் தோல் பதனிடுவோன் ஒருவனைப் பற்றி வரும் செய்தியை நோக்குவோம். அப்போஸ்தலர் நடபடிகள் 9-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம், பேதுரு யோப்பா பட்டணத்தில் தோல் பதனிடுகிற சீமோன் என்பவனிடத்தில் அநேக நாள் தங்கியிருந்தான் என்னும் செய்தியைத் தருகின்றது. மிகச் சிறிய வசனமாதலின் படிப்போர் பலர் இதனைக் கடந்து செல்வர். ஆனால் தோல் நாட்டினராகிய நாம் கடந்து செல்லலாகாது.

செத்த விலங்கின் தோலைத் தீண்டும் தொழிலை யூதர் இழிவாகக் கருதினர். கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூத நூல், தோல் பதனிடும் இடம் பட்டணத்துக்கு 50 முழம் அப்பால், அதுவும் கீழ்த்திசையிலேயே இருத்தல் வேண்டும் என விதிக்கின்றது. கணவன் தோல் பதனிடுபவனாயின் மனைவி அவனைவிட்டு நீங்கும் உரிமை கேட்கலாம் என்றும் அந்நூல் கூறும். சீமோனுடைய வீடு கடலோரத்தில் இருந்தது என லூக்கா குறித்ததற்குத் தொழிலுக்கு வேண்டும் நீர்வளம் காரணமாகலாம். ஊரார் விலக்கிவைத்தமையும் காரணமாகலாம். ஊருக்குப் புறம்பே, வாடை வீசும் இடத்தில், ஊரார் ஒதுக்கிய தொழிலாளியின் கூரையின்கீழ் அப்போஸ்தலர்களில் முதல்வன் தங்கினான். சேரியும் ஊரும் எனப் பிரிந்து கிடந்த தமிழ்நாட்டார்க்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டா.

அந்த வீட்டின் மேல்வீட்டில்தான் பேதுரு அந்தத் தரிசனத்தைக் கண்டான். நடுப்பகலில், பசித்திருக்கும் வேளையில், நான்கு முனைகளும் கட்டப்பட்ட பெரிய துப்பட்டி போன்ற கூடு வானத்திலிருந்து இறங்கிற்று. அதனுள் யூதர் உண்ணலாகாத விலங்குகளும் இருந்தன. உண்ணுமாறு கட்டளை பிறந்தது. தீட்டான எதையும் உண்டதில்லை என்று பேதுரு மறுத்தான். மூன்று முறை இவ்வாறு நிகழ்ந்தது. ஈண்டு வியக்கத்தக்கது ஒன்றுண்டு. தீட்டுடையோன் என உலகம் ஒதுக்கியவன் வீட்டில் உண்டு உறங்கிக்கொண்டிருப்பவனே, தீட்டானதை உண்டதில்லை என வாதாடுகின்றான். அவனுடைய கால் முன்னே சென்றுவிட்டது. உள்ளம் பின்னே நின்றுவிட்டது. பதனிடுவோன் இதனைக் கண்டிருந்தால், இத்தோல் பாதியளவே பதமாயிற்று என்றிருப்பான்.

அத்தரிசனத்தின் பொருள் உணவைப் பற்றியதன்று, மனிதரைப் பற்றியது என்பது வாயிலில் வந்து நின்ற ஆட்களால் வெளியாயிற்று. செசரியாவிலிருந்த ரோம நூற்றுவர் தலைவனாகிய கொர்நேலியு அனுப்பியவர்கள் அவர்கள். பேதுரு அவர்களை உள்ளே அழைத்து உபசரித்தான். விருந்தோம்புதற்கு இடமாயது தோல் பதனிடுவோன் வீடு, விருந்தினர் புறஜாதியார், அழைத்தவன் யூதன். மறுநாள் அவர்களோடு புறப்பட்டுச் சென்றான். ஒரு காலத்தில் யோனா, அயலார்க்குத் தூது செல்ல மனமில்லாமல் கப்பலேறி ஓடியதும் இந்த யோப்பாத் துறையிலிருந்தே என்பது நினைக்கத்தக்கது. ஒருவன் அயலாரை வெறுத்து இத்துறையினின்று ஓடினான். மற்றொருவன் அயலாரை நாடி இவ்வூரினின்று நடந்தான்.

கொர்நேலியுவின் வீட்டில் பேதுரு பேசி முடிக்குமுன்னரே பரிசுத்த ஆவி கேட்டோர்மேல் இறங்கிற்று. ஞானஸ்நானம் அதன்பின்னரே கொடுக்கப்பட்டது. முன்னே அகம், பின்னே புறம். ஆனால் ஆவி வந்துவிட்டதே, இனி நீர் எதற்கு என்று பேதுரு கூறவில்லை என்பதையும் மறத்தலாகாது. அகம் நிறைந்தபோது அதற்குரிய புறத்தையும் அவன் கொடுத்தான். மேலே கூறிய இருசாரார்க்கும் இந்நிகழ்ச்சி ஒன்றே விடையாகும்.

அந்தியோகியாவில் நேர்ந்தது

கதை இங்கு முடிந்திருப்பின் இனிதாயிருக்கும். ஆனால் வேதாகமம் தன் வீரரின் குறைகளை மறைப்பதில்லை. கலாத்தியர் நிருபம் 2-ஆம் அதிகாரத்தில் பவுல் ஒரு செய்தியைக் கூறுகின்றார். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதிக் கிறிஸ்தவர்களோடு ஒரே பந்தியில் உண்டுவந்தான். எருசலேமிலிருந்து யாக்கோபைச் சேர்ந்த சிலர் வந்தபோது, அவர்களுக்கு அஞ்சிப் பந்தியைவிட்டு விலகினான். அவனைக் கண்ட மற்றை யூதரும் விலகினர், பர்னபாவும் இழுப்புண்டான். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவனை நேருக்குநேர் எதிர்த்தார்.

தரிசனம் கண்டவன், ஆவியின் பெருவரவைக் கண்ணாரக் கண்டவன், எருசலேமில் அதற்காக வாதாடினவன், நான்குபேர் வந்தவுடன் இலையைவிட்டு எழுந்துவிட்டான். அவனுடைய கொள்கை மாறவில்லை, அச்சம் மாறாதிருந்தது. வெட்டுவாயின் நடுவிலிருந்த வெளிறிய கோடு அங்கே தெரிந்தது. பவுல் அதனைக் காட்டியது பகையினாலன்று. சாறு எட்டாத இடத்தைக் காட்டுதலே பதனிடுவோனுடைய நன்மையாம். அகமாற்றம் என்பது ஒரே நாளில் முடிந்துவிடுவதன்று, ஒரு பந்தியில் வென்றவன் மற்றொரு பந்தியில் தோற்கவும் கூடும் என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

தமிழ்ச் சபையின் சரிதை

இப்பந்திப் பிணக்கு அந்தியோகியாவோடு ஒழியவில்லை. தமிழ்நாட்டுச் சபைகளின் சரிதையில் இது பெருங்குழப்பம் விளைத்தது. தஞ்சை முதலிய பழைய சபைகளில் மேற்சாதியார் எனப்பட்டோரும் தாழ்த்தப்பட்டோரும் கோயிலில் வெவ்வேறிடத்தில் அமர்ந்தனர். திருவிருந்திலும் முன்பின் என்னும் வேற்றுமை இருந்தது. 1833-ஆம் ஆண்டில் கல்கத்தா அத்தியட்சராகிய தானியேல் வில்சன், சபைக்குள் சாதிவேற்றுமை அடியோடு ஒழியவேண்டும் எனக் கடிதம் விடுத்தார். அதனால் தஞ்சையில் வேளாளக் கிறிஸ்தவர் பலர் சபையை விட்டகன்றனர். இன்றுவரை நம் கோயில்களில் பாடப்படும் கீர்த்தனைகளை இயற்றிய வேதநாயக சாஸ்திரியாரும் அவ்வேற்றுமையைக் காத்தே எழுதினார். அப்பெரியாரின் பத்தியை ஐயுறுவார் யார்? அவருடைய பாட்டுகளில் உருகாத உள்ளம் எது? ஆயினும் பத்தியின் சாறு அந்த ஓரிடத்தில் எட்டாது நின்றது. பேதுருவுக்கு நேர்ந்தது சாஸ்திரியாருக்கும் நேர்ந்தது என்பதன்றி அவரைக் குறைகூறுதல் எம் கருத்தன்று.

1850-ஆம் ஆண்டில் சென்னையில் கூடிய மிஷனெரிமார், சாதியை விட்டதற்கு அடையாளமாகத் தாழ்த்தப்பட்டோர் சமைத்த உணவை உடனிருந்து உண்ணவேண்டும் என்னும் விதியை ஆதரித்தனர். லைப்சிக் லுத்தரன் மிஷனார் இதற்கு இணங்கவில்லை. சாதி குடிமைவழக்கமாதலின் அதனைக் கட்டாயத்தால் ஒழிக்கலாகாது, சுவிசேஷத்தின் வலிமையால் அது மெல்லத் தேய்ந்தொழியும் என்றனர். இவ்விரு கூற்றிலும் ஓருண்மை உண்டு. ஒரு குறையும் உண்டு. விதிக்கு அஞ்சி ஒருநாள் உடனுண்டவன் வீட்டுக்குச் சென்று தலைமுழுகினால் அந்த உணவால் பயன் என்ன? அது கடுஞ்சாறு. மெல்ல மாறும் என்று காத்திருந்து நூறாண்டு கழிந்தும் இலை வேறு, பாயும் வேறு எனில் அக்காத்திருத்தலால் பயன் என்ன? அது சாறேயில்லாத குழி. அகமாற்றத்தைப் புறவிதியால் உண்டாக்க முடியாது. ஆனால் புறத்தில் தோன்றாத அகமாற்றம் உண்டென்று நம்பவும் முடியாது. உடனிருந்து உண்ணுதல் அகமாற்றத்துக்கு விதை ஆகாவிடினும், அது கனியாய் விளைந்தே தீரவேண்டும்.

எம் பகுதியில் 1853-ஆம் ஆண்டில் ஸ்கடர் சகோதரர் மூவர் அமெரிக்க ஆர்க்காட்டு மிஷனை நிறுவினர். அப்பணியின் பயனாய்ச் சபையில் சேர்ந்தோர் பெரும்பாலும் ஊரார் ஒதுக்கிய எளிய மக்களே. சீமோனுடைய வீட்டார்போன்ற அவர்களாலேயே இந்நாட்டுச் சபை கட்டப்பட்டது என்பதை நம்மில் கற்றுயர்ந்தோர் மறவாதிருத்தல் வேண்டும்.

உடைமாற்றமும் உளமாற்றமும்

ஆலங்காயத்துக்கு அணித்தாகிய திருப்பத்தூரில் 1921-ஆம் ஆண்டில் கிறிஸ்துகுல ஆசிரமம் தோன்றிற்று. அதனை நிறுவியோர் சவரிராயன் இயேசுதாசன் என்னும் தமிழரும், எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் என்னும் ஸ்காத்லாந்தியரும் ஆவர். இருவரும் மருத்துவர், இருவரும் மணம் புரியாது பணிக்கே தம்மை ஒப்புவித்தவர். மக்கள் முன்னவரைப் பெரியண்ணன் என்றும் பின்னவரைச் சின்னண்ணன் என்றும் அழைத்தனர். அவர்கள் கதர் உடுத்தினர். தரையில் அமர்ந்து மரக்கறி உண்டனர். ஆலயத்தையும் திராவிடச் சிற்பமுறைப்படி எழுப்பினர்.

இதனைப் புறமாற்றம் எனச் சிலர் தள்ளிவிடக்கூடும். கோட்டைக் கழற்றிக் கதரைப் போர்த்துவதால் ஒருவன் தூயவன் ஆவனோ எனில், ஆகான். ஐரோப்பிய உடை எவ்வாறு கிறிஸ்தவம் ஆகாதோ அவ்வாறே காவியும் கதரும் கிறிஸ்தவம் ஆகா. ஆனால் அவ்விருவர் வாழ்க்கையை வெட்டி நோக்கின் நடுவிலும் அதே நிறம் தோன்றும். செல்வக் குடியிற் பிறந்த பேட்டன் தம் பொருளை அப்பணிக்கே ஈந்தார். ஆளும் இனத்தவர் ஒருவர், ஆளப்படும் இனத்தவரைத் தமக்கு மூத்தவராக ஏற்றுத் தாம் இளையவராய் நின்ற காலம் அது. வெள்ளையர் தலைமையிலேயே பெரும்பாலும் மிஷன்கள் இயங்கிய காலம். சின்னண்ணன் என்னும் அப்பெயரே அகமாற்றத்தின் புறமாயிற்று. உடையைவிட அப்பெயரை உடுத்தலே அரிதென்போம்.

இரண்டு ஐயங்கள்

அகமாற்றம் ஒரு கணத்தில் நிகழ்வதோ, சிறிது சிறிதாய் வளர்வதோ என வினவுவோர் உண்டு. தமஸ்குவின் வழியில் பவுல் ஒரு கணத்தில் திரும்பினார். பேதுரு ஆண்டுகள் பல கடந்தும் கற்றுக்கொண்டிருந்தார். ஜவ்வாது மலைச் சந்தனத்தை நோக்குக. அம்மரத்தின் வெளிமரம் வெளிறியது, மணமற்றது. மணமெல்லாம் உள்ளே வைரத்தில் இருக்கின்றது. இளங்கன்றில் வைரம் இல்லை; பல்லாண்டு நின்றபின்னரே அது ஏறும். அன்றியும் சந்தனம் தனித்து வளரும் மரமன்று. அயல்மரங்களின் வேரோடு தன் வேரைப் பொருத்தி உணவு பெறும். தொடக்கம் ஒரு கணத்தினதாயினும் வைரம் ஏறுதற்குக் காலமும், சபையென்னும் தோப்பும் வேண்டும். தனியே நின்று உள்ளத்தூய்மை பெறுவேன் என்போர் இதனை எண்ணுவாராக.

மற்றோர் ஐயம்: உள்ளத்தைக் கடவுளே அறிவார், பிறர் அதனைச் சோதித்தல் முறையோ என்பது. முறையன்று. பிறர் தோலை வெட்டிப் பார்க்கும் கத்தி நம் கையில் கொடுக்கப்படவில்லை. ஆயினும் நம்மை நாமே சோதித்தல் கடனாகும். திருவிருந்துக்கு முன் அவ்வாறு செய்யுமாறு பவுல் கொரிந்தியர்க்கு எழுதினார். அச்சபையில் செல்வர் முன்னரே உண்டு களிக்க, இல்லாதோர் பசித்திருந்தமையே அதற்குக் காரணம். அங்கும் பந்தியே பிணக்கு.

நமக்குரிய சோதனை

மாணவராகிய நம் வாழ்க்கையில் வெட்டுவாய் தோன்றும் இடங்கள் மூன்று உண்டென எண்ணுகின்றோம்.

முதலாவது, உழைப்போரை நாம் நடத்தும் முறை. காலையில் ஜெபக்கூடத்தில் பாடிய வாய், விடுதியில் இலையெடுப்போரையும் கழிப்பிடம் துலக்குவோரையும் எவ்வாறு அழைக்கின்றது? அவர்களுள் வயதில் மூத்தோரை அண்ணன் என்றும் அம்மா என்றும் அழைக்க நா எழாதாயின், பாட்டு மேற்புற நிறமேயன்றி வேறன்று.

இரண்டாவது, நம் நலத்துக்காகப் பிறர் இழப்பது. பாலாற்றுப் பகுதியில் தோற்கழிவால் நேர்ந்த கேட்டைப் பற்றி 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பெயர்பெற்ற தீர்ப்பொன்றை வழங்கிற்று. வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் தொடுத்த வழக்கு அது. தோல் சாலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முற்றிலுமோ ஓரளவோ பயிருக்கு ஆகாது போயிற்று என அத்தீர்ப்பிற் குறிக்கப்பட்டது. கேடு விளைத்தவரே அதற்கு ஈடு செய்யவேண்டும் என்னும் நெறியும் நிலைநாட்டப்பட்டது. மினுக்கிய காலணி அணிந்து ஞாயிறுதோறும் கோயிற்படி ஏறுகின்றோம். அம்மினுக்குக்காக எவருடைய கிணறு உவர்த்தது என வினவாதிருத்தல், பாத்திரத்தின் வெளிப்புறத்தை மட்டும் துலக்குதலே அன்றோ? தொழிலை ஒழிக்கவேண்டும் என்பதன்று எம் கருத்து. அத்தொழிலாலேயே ஆயிரமாயிரம் இல்லங்களில் உலை கொதிக்கின்றது. தொழிலுடையோரும் தொழிலாளரும் பொருள் வாங்குவோரும் நீதியைத் தம் சமயத்துக்கு அயலானதாகக் கருதலாகாது என்பதே கருத்து.

மூன்றாவது, எல்லாவற்றினும் அரியது, திருமணம். மணமகன் அல்லது மணமகள் தேவை என்னும் விளம்பரங்களில் கிறிஸ்தவர் என்னும் சொல்லுக்கருகே சாதிப்பெயரும் அச்சேறுதலை நாம் காண்கின்றோம். ஒரே அப்பத்தில் பங்குபெறுவோர், ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணுவோர், சம்பந்தம் என்னும் பேச்சு எழுந்தவுடன் அந்தியோகியாப் பந்தியினின்று எழுந்த பேதுருவைப்போல் எழுந்துவிடுகின்றனர். உற்றார் என்ன கூறுவரோ என்னும் அச்சமே அவனை எழுப்பிற்று. அவ்வச்சமே நம்மையும் எழுப்புகின்றது. பெற்றோரைப் பகைத்தல் வேண்டா. ஆனால் அன்போடும் பொறுமையோடும் பந்தியிலேயே அமர்ந்திருத்தல் நம் தலைமுறைக்கு விதிக்கப்பட்ட கடன் என எண்ணுகின்றோம். தமிழகத்தில் கல்லறைத் தோட்டத்திலும் சாதிச்சுவர் எழுப்பிய ஊர்கள் உண்டு. உயிரோடிருக்கும் நாளில் வீட்டுக்குள் எழுப்பிய சுவரே இறந்தபின் கல்லறையிலும் நீள்கின்றது.

இம்மூன்றிடத்தும் நம் ஆசாரங்கள் நமக்குத் துணைசெய்யுமா எனின், செய்யும். ஜெபம் செய்யாதவனுக்கு இவ்வச்சத்தை வெல்லும் வலிமை எங்கிருந்து வரும்? வேதம் வாசியாதவன் சீமோனுடைய வீட்டை எங்ஙனம் அறிவான்? திருவிருந்துக்கு வாராதவன் எவரோடு உடனுண்பான்? ஆகவே ஆசாரங்களைக் கைவிடுதல் வேண்டா. அவை தோல் ஊறும் குழிகளைப் போல்வன. குழியருகே நின்று அதனைப் பார்த்துச் செல்லும் தோல் பதமாகாது. குழியில் இறங்கிக் கிடத்தல் வேண்டும், புரட்டப்படுதல் வேண்டும், நாள் பல செல்லுதல் வேண்டும். இறங்கிக் கிடப்பது நம் கடன். நாரோடு நாராய் உட்புகுந்து நம்மை மாற்றுவது ஆண்டவருடைய ஆவியின் செயல்.

பேதுரு யோப்பாவில் அநேக நாள் தங்கியிருந்தான் என்றார் லூக்கா. ஒருநாள் வந்துபோனான் என எழுதவில்லை. உலகம் ஒதுக்கிய வீட்டில் அநேக நாள் தங்கியவனுக்கே மேல்வீட்டில் வானம் திறந்தது. நம் நாட்டில் அத்தகைய வீடுகள் இன்றும் உள்ளன. அவற்றின் கதவுகள் நமக்கு அடைக்கப்பட்டனவல்ல. கற்ற கல்வியோடு அவ்வீடுகளுட் புகுந்து, அங்குள்ளாரோடு அமர்ந்துண்டு, அவர்களால் கற்பிக்கப்படவும் மனமுடையோராய் நம்மை ஆண்டவர் ஆக்கியருள்வாராக.